பருப்பு வேகும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

"எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு சட்டென்று வெந்துவிடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கிறது. வாயில் வைத்தால் உப்பும் இல்லை, கரிப்பும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் பாயும் வயல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிப் போகிறதே, ஏன்?"

தருமபுரி மாவட்டத்து விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. இப்படிக் கேட்பவரின் வீட்டிலேயே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருப்பதையும் பல ஊர்களில் காணலாம். வயல் இறுகுவதும் பல்லில் கறை படிவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் பல இடங்களில் இரண்டுக்கும் காரணம் ஒரே தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத்தான் நாம் நல்ல தண்ணீர் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நாக்குக்குத் தெரியும் கெடுதலும் தெரியாத கெடுதலும்

நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்றவுடன் கடலோரப் பகுதிகளே நம் நினைவுக்கு வரும். கடலோரத்தில் நல்ல நீர், கனமான உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல நீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீரை அண்டவிடாமல் தடுத்து நிற்கும். அளவுக்கு மீறி இறைத்து அந்த ஓர் அடியை இழந்தால் கடல் உள்ளே வந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் இதுதான் நடந்தது. 1969 இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் வரை இருந்த உப்பு நீர், 1983 இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது.

கடலோரத்து விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீர் கெட்டால் நாக்கு சொல்லிவிடும். கடலே இல்லாத தருமபுரியில் அந்த வசதி இல்லை. இங்கே தண்ணீரில் கலக்கும் புளோரைடு என்னும் உப்புக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனுடன் சேர்ந்து வரும் சோடாத் தன்மையோ, தண்ணீர் மென்மையானது என்று நமக்குத் தோன்றும்படி செய்கிறது.

பாறை கொடுக்கும் உப்பு

நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது மிகப் பழமையான கடினப் பாறை. இப்பாறைகளில் கருமை நிறமான ஹார்ன்பிளண்டு, பளபளக்கும் கருப்பு அப்பிரகம், அபடைட் முதலிய கனிமங்கள் உள்ளன. புளோரைடு இருப்பது இவற்றில்தான். பாறை வெடிப்புகளில் தங்கும் நீர், நாளாக ஆகப் பாறையைக் கரைத்துப் புளோரைடைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்கள் வாணியாற்று வடிநிலத்தில் பாறையிலிருந்து புளோரைடு நீருக்கு வருவதை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். ஆகவே இது ஆலைக் கழிவாலோ உரத்தாலோ வந்த கோளாறு அன்று. நிலத்தின் இயல்பே அப்படி.

சுண்ணாம்புச் சத்தும் புளோரைடும் தண்ணீரில் அதிகமாக ஒன்று சேர்ந்திருக்க முடியாது. சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அது புளோரைடைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். ஆனால் நம் பகுதி போன்ற வறண்ட இடங்களில் நீரிலுள்ள சுண்ணாம்பு, மண்ணுக்குள் சுக்கான் கல்லாகப் படிந்து குறைந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது சோடியமும் பைகார்பனேட்டும், அதாவது சோடா உப்பு. இந்தத் தண்ணீரில் புளோரைடைப் பிடித்து வைக்கச் சுண்ணாம்பு இல்லை. எனவே அது தாராளமாகக் கரைந்து நிற்கிறது.

பருப்பு வேகாமல் போவதும் சோப்பு நுரைக்காமல் போவதும் சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றால்தான். அவை குறைந்து சோடா மிகுந்தால் பருப்பு குழையும், நுரை பொங்கும். வீட்டில் பருப்பு வேகச் சிறிது சமையல் சோடா போடுவதும் இதற்காகவே. ஆக, பருப்பும் சோப்பும் நமக்குச் சொல்வது தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்பதை மட்டுமே. அது நல்ல தண்ணீர் என்று அவை சொல்வதில்லை.

இரண்டு கிணறுகள்

விளக்கத்திற்காக ஓர் ஊரில் இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது திறந்த வெளிக் கிணறு. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 2.1. சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து 11. கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 6. புளோரைடு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்.

இரண்டாவது ஆழ்துளைக் கிணறு. மின்கடத்தும் திறன் 1.2 மட்டுமே. சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து 4. கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 8. புளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

முதல் கிணற்று நீர் சற்றுக் கரிக்கும். பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இரண்டாவது கிணற்று நீர் வாய்க்கு இதமாக இருக்கும். ஊரார் எதைக் குடிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புளோரைடு அபாயம் இரண்டாவதில்தான் உள்ளது. வயலை இறுக வைப்பதும் அதுவே.

இதனால் கரிக்கும் தண்ணீரெல்லாம் பத்திரமானது என்று பொருள் கொள்ளக் கூடாது. கடின நீரிலும் புளோரைடு இருக்கலாம். நைட்ரேட் என்னும் வேறு கெடுதலும் இருக்கலாம். நாக்கு, பருப்பு, சோப்பு ஆகிய மூன்றில் எதையும் சாட்சியாகக் கொள்ளாமல் பரிசோதனை செய்துதான் முடிவுக்கு வர வேண்டும்.

உடம்பில் தெரியும் அடையாளங்கள்

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். அதற்கு மேல் கூடாது.

ஏறத்தாழ எட்டு வயது வரை, ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், இந்த நீரைக் குடிக்கும் பிள்ளைகளின் பற்கள் பளபளப்பு இழந்து சுண்ணாம்பு போல் வெளுக்கும். பிறகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ குறுக்குக் கோடுகள் தோன்றும். எந்தப் பற்பொடியாலும் இக்கறை போகாது. பல் துலக்காத குற்றமென்று பிள்ளையை ஏசுவதில் பயனில்லை.

பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். முதுகு, கழுத்து, முழங்கால் விறைத்துவிடும். இதை வயதின் கோளாறு என்றோ வேலைப் பளு என்றோ விட்டுவிடுகிறோம். மூன்று எளிய சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? முகவாயை மார்பில் பதிக்க முடிகிறதா? இரு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோர்க்க முடிகிறதா? இவற்றில் ஏதாவது இயலாவிட்டால் அரசு மருத்துவமனையில் காட்டித் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது புளோரைடால்தான் என்று மருத்துவரே முடிவு செய்ய முடியும்.

கால்நடைகளும் இதற்கு விலக்கல்ல. 1937 இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவ ஆய்வாளர்கள் இந்நோயை மனிதரிடம் கண்டு விவரித்தார்கள். அதற்கு முன்பே ஏர் மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போவதை அப்பகுதி விவசாயிகள் கவனித்திருந்தார்கள். கால்நடை குடிக்கும் நீரில் புளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது.

நிலத்தில் தெரியும் அடையாளங்கள்

கெட்ட நீர் பாயும் நிலம் இரு வகையாக மாறும். இரண்டையும் பிரித்தறிவது அவசியம், ஏனெனில் மருந்து வேறு வேறு.

உப்பு மிகுந்த நீர் பாய்ந்தால் நிலம் உவராகும். காய்ந்தவுடன் வெள்ளைப் பூப்பூக்கும். மண் பொலபொலவென்றே இருக்கும். இலை நுனியும் ஓரமும் தீய்ந்துபோகும். ஈரம் இருந்தும் பயிர் வாடி நிற்கும்.

சோடா மிகுந்த நீர் பாய்ந்தால் நிலம் களராகும். வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் இராது. ஈரத்தில் மண் சேறாகக் குழைந்து, காய்ந்தால் ஓடு போல் இறுகும். பாய்ச்சிய நீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். சில இடங்களில் கருத்த படலம் தெரியும். துத்தநாகம், இரும்புச் சத்துகள் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். கார அமில நிலை 8.5 க்கு மேல் ஏறிவிடும்.

மாதிரி எடுக்கும் முறை

பரிசோதனை முடிவு சரியாக இருக்க வேண்டுமானால் மாதிரி சரியாக இருக்க வேண்டும்.

1. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளவும். புளோரைடு பரிசோதனைக்குக் கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக்கே ஏற்றது. பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், மது இருந்த பாட்டில்கள் கூடவே கூடாது.

2. மோட்டாரை 15 முதல் 30 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்கவும். குழாயில் தங்கிய பழைய நீர் மாதிரி ஆகாது. இறைக்காத திறந்த கிணற்றில் பாட்டிலில் கல் கட்டி நடு ஆழத்திலிருந்து எடுக்கவும்.

3. அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசவும். காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி இறுக மூடவும்.

4. பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் வகை, ஆழம், எடுத்த தேதி, மண் வகை, பயிர், குடிக்கவும் பயன்படுகிறதா என்பதை எழுதி ஒட்டவும்.

5. முடிந்தால் அன்றே, தவறினால் மறுநாள் கொடுத்துவிடவும். நாள் கடந்தால் பைகார்பனேட்டின் அளவு மாறிவிடும்.

பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்துகொள்ளலாம். பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரும் இதில் வழிகாட்டுவார்கள். குடிநீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை அணுகவும். இரண்டும் வெவ்வேறு பரிசோதனைகள். பாசன நீர் முடிவில் புளோரைடு பெரும்பாலும் இராது. எனவே குடிக்கும் கிணறாக இருந்தால், புளோரைடும் நைட்ரேட்டும் பார்த்துத் தரும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். நோய்க் கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் கொடுக்கும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

மே மாதம் கடும் கோடையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்து சனவரியில் ஒரு முறையும் பார்ப்பது நலம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மழை உங்கள் கிணற்றை எவ்வளவு எட்டுகிறது என்பதையும் காட்டும்.

முடிவுத் தாளைப் படிக்கும் விதம்

மின்கடத்தும் திறன் மொத்த உப்பின் அளவைக் காட்டும். இதை டெசிசைமன் என்றோ, பழைய முறையில் மில்லிமோஸ் என்றோ குறிப்பார்கள். எண் ஒன்றே. 0.75 வரை கவலையில்லை. 0.75 முதல் 2.25 வரை வடிகால் வசதியும் தாங்கும் பயிரும் வேண்டும். 2.25 க்கு மேல் சாதாரணப் பாசனத்துக்கு ஏற்றதல்ல.

அடுத்து எஞ்சிய சோடியம் கார்பனேட். நம் மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது இது. எல்லாம் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் இருக்க வேண்டும். தாளில் மில்லிகிராமாகக் கொடுத்திருந்தால் கால்சியத்தை 20 ஆலும், மக்னீசியத்தை 12.2 ஆலும், கார்பனேட்டை 30 ஆலும், பைகார்பனேட்டை 61 ஆலும் வகுத்துக்கொள்ளவும். விடை 1.25 க்குள் இருந்தால் நல்ல நீர். 1.25 முதல் 2.5 வரை நடுத்தரம். 2.5 க்கு மேல் திருத்தாமல் பாய்ச்சக் கூடாது.

மேலே சொன்ன இரண்டாவது கிணற்றில் 8 லிருந்து 4 போக எஞ்சியது 4. முதல் கிணற்றில் 6 லிருந்து 11 ஐக் கழிக்க எதுவும் எஞ்சாது. அது உப்பு நீரே தவிர சோடா நீர் அல்ல.

குடிநீர்த் தாளில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. புளோரைடு பாறையால் வருவது. நைட்ரேட்டோ பெரும்பாலும் நம்மால் வருவது. எருக்குழி, மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி கிணற்றுக்கு அருகில் இருப்பதும், யூரியாவை அளவின்றி இடுவதும் காரணங்கள். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க இத்தகைய நீரைப் பயன்படுத்தவே கூடாது.

ஜிப்சம் கணக்கு

சோடா நீரைத் திருத்த வல்லது ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விலக்கிவிடுகிறது. எவ்வளவு வேண்டும்?

ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒரு முறை நீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். இந்நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட்டை ஒரு மில்லி ஈக்விவலன்ட் குறைக்கச் சுத்தமான ஜிப்சம் ஏறத்தாழ 17.4 கிலோ தேவை. நம் கிணற்றில் 4 ஐ 1.25 ஆக்க 2.75 குறைய வேண்டும். 17.4 ஐ 2.75 ஆல் பெருக்க 48 கிலோ. கடையில் கிடைப்பது 70 சதவீதச் சுத்தமானால் 68 கிலோ. பயிர்க் காலத்தில் ஆறு முறை பாய்ச்சினால் சுமார் 410 கிலோ.

இதைக் கடைசி உழவுக்கு முன் நிலத்தில் பரப்பிக் கலந்துவிடலாம். அல்லது வாய்க்காலில் தொட்டி அமைத்து ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, அவற்றின் வழியே நீர் ஓடும்படி செய்யலாம். வடிகால் அவசியம். விலக்கப்பட்ட சோடியம் வெளியேற வழியில்லாவிட்டால் பயனில்லை. நிலம் ஏற்கெனவே களராகிவிட்டிருந்தால் அதற்குத் தனியாக ஜிப்சம் வேண்டும். அந்த அளவை மண் பரிசோதனை சொல்லும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் மருந்தல்ல. அங்கே நல்ல நீரால் உப்பைக் கழுவி வடிப்பதே வழி.

தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும், தொழு உரம் தாராளமாக இடுவதும் மண்ணை இளக்கும். ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ துத்தநாக சல்பேட் இடலாம். பயறு வகைகள், நிலக்கடலை, மா ஆகியவை சோடா நீரைத் தாங்கா. நெல்லும் ராகியும் ஓரளவு தாங்கும். களர் நிலத்துக்கென்று திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட டி.ஆர்.ஒய். வரிசை நெல் இரகங்களும் உள்ளன.

ஒன்றை மறக்க வேண்டாம். ஜிப்சம் பாசன நீருக்குத்தான். குடிநீரில் கலந்து புளோரைடை நீக்கிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

வீட்டுக் குழாயும் வயல் கிணறும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடுக் கொடுமையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டது. 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் ஆற்று நீராதலால் பாறையில் நெடுநாள் தங்கியதன்று. குடிக்கவும் சமைக்கவும் அதைப் பயன்படுத்துவதே முதல் வழி.

ஆனால் விவசாயக் குடும்பம் பகலில் வீட்டில் இருப்பதில்லை. களை எடுப்பவரும் தக்காளி பறிப்பவரும் கரும்பு வெட்டுபவரும் வயல் கிணற்று நீரைத்தான் குடிக்கிறார்கள். கோடையில் ஒருவர் 4 லிட்டர் குடிப்பது சாதாரணம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீரானால் 12 மில்லிகிராம் உடம்பில் சேரும். எல்லா வழியாகவும் நாளொன்றுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்குக் கேடு கூடும் என்றும், 14 மில்லிகிராமில் எலும்பு நோய் தெளிவாகவே தெரியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டில் காவிரி நீர் வந்தும் நோய் விடாமல் தொடர இது ஒரு காரணம் ஆகலாம். ஆகவே வயலுக்குப் போகும்போது வீட்டுக் குழாய் நீரைக் குடத்திலோ கேனிலோ எடுத்துச் செல்லுங்கள். கூலிக்கு வருவோருக்கும் அதையே கொடுங்கள். சிறு பிள்ளைகளை வயல் நீர் குடிக்க விடாதீர்கள்.

சமையலுக்கும் இது பொருந்தும். களியும் கூழும் நிறையத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்பவை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. புளோரைடின் கேட்டைக் குறைக்கச் சுண்ணாம்புச் சத்து உதவும். ஆனால் புளோரைடு நீரிலேயே களி கிண்டினால் நன்மையும் தீமையும் ஒன்றாகவே வயிற்றுக்குள் போகும். நல்ல நீரில் கிண்டிய களியுடன் பால், மோர், கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவையும் சேர்ந்தால் உடம்புக்குத் தற்காப்பு.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். துணியில் வடிகட்டுவதும், குளோரின் போடுவதும், செம்புக் குடத்தில் வைப்பதும் இதற்குப் பயன்படா. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. ஆனால் நீரைப் பரிசோதித்து அளவு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. கைமதிப்பில் படிகாரம் போடக் கூடாது. எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரமும், கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டியும் புளோரைடை நீக்கும். காலத்தில் வடிபொருளை மாற்றாவிட்டால் அவையும் வெறும் அலங்காரமே.

ஆழம் போனால் நல்ல நீரா?

"இன்னும் 300 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும்" என்ற நம்பிக்கையில் கடன் வாங்கித் துளை போடுவோர் பலர். ஆழத்து நீர் பாறையோடு அதிக காலம் கலந்திருந்த நீர். அதில் புளோரைடும் சோடாவும் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துளை போட்டவுடன், மோட்டாரும் குழாயும் வாங்குவதற்கு முன், நீரைப் பரிசோதித்துவிடுங்கள். எந்தப் பயிர் வைப்பது, ஜிப்சச் செலவு எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நம்மிடம் உள்ள மிகச் சிறந்த நீர் மழை நீரே. இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 63,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 14,600 லிட்டரே போதும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டி, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, மணலும் கரியும் கொண்ட வடிகட்டி வழியே சேமித்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் நான்கு மாதங்களைத் தள்ளிவிடலாம்.

வயலில் வரப்பை உயர்த்துதல், பண்ணைக் குட்டை வெட்டுதல், ஓடையில் தடுப்பணை கட்டுதல் ஆகியவற்றால் மழை நீர் நிலத்துள் இறங்கி, கிணற்று நீரின் செறிவைக் குறைக்கும். ஓடும் மழை நீரைத் திறந்த கிணற்றில் விடுவதானால் கருங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டும் குழி வழியாகவே விட வேண்டும். எருக்குழி ஓரமாகவோ பூச்சி மருந்து தெளித்த வயல் வழியாகவோ வரும் நீரை விடக் கூடாது. குறைப்பு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். எனவே ஆண்டுதோறும் சனவரிப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம்.

விதைக்கு முளைப்புத் திறன் பார்க்கிறோம். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறோம். அதே மாட்டுக்கும், வயலுக்கும், வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கும் தண்ணீரை மட்டும் பருப்பை வைத்து முடிவு செய்கிறோம். இந்த வாரம் ஒரு பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் முன்பே முடிவு தெரிவது நல்லது.